புஷ்பவள்ளி கழற்றிய கிளாம்புகள்

புஷ்பவள்ளி கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்தபோது, புகுந்த வீட்டில் அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான் இருந்தது. அது 1924ஆம் வருஷம். குழம்புச் சட்டியில் மரத்தூள் விழாமல் மூடியை எப்படிச் சாய்த்து வைப்பது என்பதுதான் அந்த வீட்டில் அவள் முதலில் கற்றுக்கொண்ட வேலை. ஓரகத்தி பேச்சியம்மாள் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் விழத்தான் செய்யும், திங்கப் பழகிக்கோ" என்றாள்.

தெப்ராவ் சாலையோரம் இருந்த அந்தப் பட்டறையை மாட்டுவண்டி செய்வதற்காகத் தொடங்கியவர் மூத்தார் அர்ச்சுனன். அவருடைய தம்பி சதாசிவம்தான் புஷ்பவள்ளியின் கணவன். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் நான்கு வருஷம் தச்சு வேலை பார்த்துவிட்டு அண்ணனோடு வந்து சேர்ந்தவன். அவன் வந்த பிறகுதான் பட்டறை பஸ் பக்கம் திரும்பியது. அந்தக் காலத்தில் பஸ் முழுதாக வந்து இறங்காது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கும்போது அது எஞ்சினும் சக்கரமும் நீண்ட இரும்புச் சட்டமும் மட்டும்தான். அதன்மேல் தரை, கூரையைத் தாங்கும் கால்கள், கூரை, இருக்கை எல்லாவற்றையும் மரத்தால் கட்டிச் சாயம் பூசி ஓடவிடுவது இவர்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் பொறுப்பு.

மரவேலை அண்ணன் தம்பி இருவருக்கும். இருக்கை வேலை புஷ்பவள்ளிக்கு. லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தச்சராக இருந்தவரின் மகள் அவள். ஊசியும் சுத்தியலும் இரண்டும் கைக்கு வரும். தேங்காய் நாரை அடைத்து, ரெக்சினை இழுத்துப் பிடித்து, வரிசை பிசகாமல் பித்தளை ஆணி அடிப்பாள். பேச்சு மட்டும் குறைவு. பட்டறைக்கு வரும் டிரைவர்கள் அவளை ஊமை என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தார்கள்.

ஆயுத பூஜை அந்த வீட்டில் மற்ற வீடுகளைப் போல இருக்காது. 1927இல் ஒரு ரம்பம் பூஜைக்கு வராமல் பலகைக் குவியலுக்கு அடியில் கிடந்துவிட்டது. பூஜை முடிந்த பத்தாம் நாள் அதே ரம்பம் அர்ச்சுனனின் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவர் ஒரு கட்டளை போட்டார். பட்டறையில் உள்ள ஒரு உளி, ஒரு ஊசி, ஒரு கொட்டாப்புளிகூட விடுபடக் கூடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அம்பாள் படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. அடுக்குகிற பொறுப்பு புஷ்பவள்ளியுடையது. பூஜை நேரத்தில் அர்ச்சுனன் விரல் இல்லாத அந்தக் கையை நீட்டி, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சரிபார்ப்பார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் ஏற ஆள் இல்லை. பஸ் கட்டச் சொல்லவும் ஆள் இல்லை. பட்டறையில் கோழிக்கூடும் சவப்பெட்டியும் செய்தார்கள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வது குறைந்தது. பஸ்ஸை நம்பி மாட்டுவண்டியை விட்டது தம்பியின் பேச்சைக் கேட்டதால்தான் என்று அர்ச்சுனன் நினைத்தார். நினைத்ததைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லவும் செய்தார்.

அப்படி எட்டு மாதம் ஓய்ந்து கிடந்த பட்டறைக்கு 1933இல் தங்கராஜு ஒரு பஸ் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். தோட்டத்தில் ரப்பர்ப் பால் லாரி ஓட்டியவன். இப்போது ஜொகூர் பாருவுக்கும் கோத்தா திங்கிக்கும் சொந்தமாக பஸ் விடப் போகிறான்.

"அண்ணே, தீபாவளிக்கு முன்னால ஓடணும். தீபாவளிக்கு ஓடலேன்னா அப்புறம் நான் ஓடிடுவேன்," என்றான்.

"எங்க ஓடுவ? உன் வயித்தத் தூக்கிக்கிட்டு தெப்ராவ் வரைக்கும்கூட ஓட முடியாது," என்றார் அர்ச்சுனன். வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பட்டறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வேலை வேகமாக நடந்தது. ஒரே ஒரு இடத்தில் தடங்கல். பின்மூலைக் கால்கள் இரண்டும் மற்றக் கால்களைவிடக் கனமாக இருக்க வேண்டும். கூரைமேல் ஏற்றும் மூட்டை முடிச்செல்லாம் அவற்றின்மேல்தான் வந்து இறங்கும். அந்தக் கனத்துக்கு ஒரே மரம் கிடைக்கவில்லை. சதாசிவம் இரண்டு பலகைகளை வஜ்ஜிரப் பசை பூசி ஒட்டி ஒரு காலாக்கினான். பலகைகளை இறுக்கிப் பிடிக்க ஒவ்வொரு காலிலும் ஆறு இரும்புக் கிளாம்பு வைத்து முறுக்கினான். வஜ்ஜிரம் பலகை ஓரங்களில் தேன் நிறத்தில் பிதுங்கி நின்றது. அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை எட்டு மணி.

"கெட்டியானதும் நாளான்னிக்குப் பார்த்துக்கலாம்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கித்தான் துணியும் சாயமும் வாங்கப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான்.

புஷ்பவள்ளி அதைக் கேட்டாள். ஆனால் அன்று மத்தியானம் கருவிகளைக் கழுவ உட்கார்ந்தபோது அர்ச்சுனன் வந்து நின்றார்.

"கிளாம்பெல்லாம் எங்கம்மா?"

"கால்ல மாட்டியிருக்கு அத்தான்."

"நாளைக்குப் பூஜைக்கு வந்துரணும். ஒண்ணு விடக் கூடாது." அவர் போய்விட்டார். எப்போது கழற்ற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் அப்பா நாற்காலிக்கு வஜ்ஜிரம் வைத்தால் கயிற்றால் கட்டி, கஞ்சி குடித்துவிட்டு வந்து அவிழ்த்துவிடுவார். அதுதான் அவள் பார்த்திருந்தது. காலின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. பன்னிரண்டு கிளாம்பிலும் வஜ்ஜிரம் வழிந்து காய்ந்திருந்தது. அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்ட எப்படியும் ஒரு பொழுது ஆகும். மறுநாள் காலையில் வடையும் சுண்டலும் செய்ய வேண்டும். மணி இரண்டு இருக்கும். ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினாள். கால்கள் அப்படியே நின்றன. அவளுக்கு எதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

மறுநாள் பூஜையில் கிளாம்புகள் பன்னிரண்டும் குங்குமப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கற்பூரம் காட்டும்போதுதான் சதாசிவம் அவற்றைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. தட்டு அண்ணன் கையில் இருந்ததால் பேசவில்லை. பூஜை முடிந்ததும் கேட்டான்.

"கால்ல இருந்த கிளாம்ப எப்ப கழட்டின?"

அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தார். "ஏன், சாமிக்கு வச்சதுல உனக்கு என்ன குறை?"

"குறையில்லண்ணே. எப்பன்னு கேட்டேன்."

இருவர் குரலிலும் சாப்பாட்டு நேரத்துச் சண்டையின் வாடை வந்துவிட்டது. பேச்சியம்மாள் சுண்டலோடு நின்றாள். புஷ்பவள்ளியின் ஐந்து வயது மகள் அப்பன், பெரியப்பன் என்று பிரிக்கத் தெரியாமல் இருவர் வேட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளிக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"காலையில."

"இன்னிக்குக் காலையிலயா?"

"ம்."

சதாசிவம் மூச்சு விட்டான். "ஒரு ராத்திரி பூரா இருந்திருக்கு. போதும். மழைக்காலத்துல அதுக்குக் குறைஞ்சா அது கால் இல்ல, பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு பலகை." சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டான்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், பூஜைக்கு முந்தின நாள் வஜ்ஜிரம் வைத்தது யார் குற்றம், கிளாம்பைக் கேட்டது யார் குற்றம் என்று அண்ணனும் தம்பியும் கிளம்பிவிடுவார்கள். ஒரு பஸ்ஸைக் கட்டி முடிப்பதற்குள் பட்டறை இரண்டாகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் சதாசிவம் கால்களில் திருகாணி போட்டு, இடுக்குகளை மக்கு பூசி அடைத்து, நிறுத்திவிட்டான். அதற்கு மறுநாள் கூரை ஏறிவிட்டது. சொல்ல வேண்டிய வார்த்தையின்மேல் ஒவ்வொரு நாளும் ஒரு பூச்சு விழுந்துகொண்டே போயிற்று.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்து பின் இருக்கைக்கு ஆணி அடிக்கும்போது அவள் கண் அந்தக் கால்களிலேயே இருந்தது. பச்சைச் சாயம் பளபளவென்று இருந்தது. வலது காலில், நடுவாக, மயிரிழை அளவுக்கு ஒரு கோடு இருப்பதுபோல் பட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. அன்று மூன்று ஆணி வளைந்துபோயின. அவள் கையில் ஆணி வளைவது அபூர்வம்.

கட்டி முடித்த பஸ்ஸில் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்புவார்கள். பேச்சியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். புஷ்பவள்ளி மகளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின் இருக்கைக்குப் போய், வலது மூலைக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பேச்சியம்மாள் திரும்பி, "அங்க ஏன்டி போற? தூக்கிப் போடும்," என்றாள். புஷ்பவள்ளி மகளை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் முதுகாலேயே அந்தக் காலைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒன்றும் அசையவில்லை. கூரைமேல் அன்று ஒரு மூட்டையும் இல்லை என்பது கோயில் வாசலில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஸ் ஓட ஆரம்பித்தது. காலையில் இரண்டு தரம், மாலையில் இரண்டு தரம் பட்டறை வாசலைக் கடந்து போகும். தங்கராஜு ஹார்ன் அடித்துவிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டால்தான் புஷ்பவள்ளி அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு நாள் மாலை மழையில் அரை மணி தாமதமாயிற்று. அவள் குடைகூட எடுக்காமல் சாலையில் போய் நின்றாள். சதாசிவம் பார்த்துவிட்டு, "யாரு வராங்க?" என்றான். "ஒண்ணுமில்ல," என்றாள். அதுவும் பொய்தான். ஒன்று சொன்னதற்கு இன்னொன்று வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, மத்தியான நேரம், தங்கராஜு பஸ்ஸை வாசலில் நிறுத்தி இறங்கினான். அண்ணனும் தம்பியும் பட்டறையில் இருந்தார்கள்.

"அண்ணே, பின்பக்கம் ஒரு சத்தம் வருது. பள்ளத்துல விழுந்தா கிறீச்சுங்குது."

"புது செருப்பு கூடத்தான் சத்தம் போடும்," என்றார் அர்ச்சுனன். "வண்டி புதுசுலா. பழகட்டும்."

"எனக்கும் அதான் தோணுச்சு. தீபாவளி கழிச்சுக் கொண்டாறேன், பாருங்க. நாளைக்கு நிறுத்த முடியாது. உலு திராம் தோட்டத்து ஆளுங்க மொத்தமா வாடகைக்குப் பேசியிருக்காங்க. துணி எடுக்க, சாமான் வாங்க. திரும்பி வரும்போது கூரைமேல அரிசியும் எண்ணெய் டின்னும்தான். பிள்ளைங்களே பதினஞ்சு இருக்கும்."

"பின்னால யாரு உக்காருவா?"

கேட்டது புஷ்பவள்ளி. தகரத் தடுப்பின் அருகே நின்றிருந்தாள். தங்கராஜு வியப்போடு திரும்பினான். அந்த அம்மா அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பிள்ளைங்கதான். பெரியவங்களுக்குத்தான் இடுப்பு தாங்காதே. என் பொண்டாட்டி வெள்ளையம்மாவும் அங்கதான் உக்காருவா, டிக்கெட் பாக்க." அவன் சிரித்தான். "ஏம்மா, உங்களுக்கும் ஒரு இடம் போடவா?"

அவள் உள்ளே போனாள். ரெக்சின் தைக்கும் குத்தூசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸின் பின்புறம் போய், வலது மூலைக் காலில் அந்த மயிரிழைக் கோட்டின்மேல் ஊசி முனையை வைத்து அழுத்தினாள். பச்சைச் சாயம் வெடித்தது. ஊசி தடையில்லாமல் உள்ளே போயிற்று. மரப்பிடி வரைக்கும் போயிற்று.

சதாசிவம் வந்து ஊசியை உருவிப் பார்த்தான், மறுபடி குத்தினான், இன்னும் கீழே குத்தினான்.

"ஒரு ராத்திரி இருந்துச்சே," என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை.

"இல்ல. முந்தின நாள் மத்தியானமே கழட்டிட்டேன். ரெண்டு மணிக்கு."

"காலையிலன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

அர்ச்சுனனுக்குக் கோபம் வேறு பக்கமாக வந்தது. "அப்ப என்ன சொல்ல வர? பூஜைக்கு எடுத்ததாலதான் இப்படி ஆச்சுன்னா? சாமி காரியம் செஞ்சு கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசணுமா?"

"எடுத்தது தப்புன்னு சொல்லல அத்தான். நான் கேட்டுட்டு எடுத்திருக்கணும். எடுத்ததச் சொல்லியிருக்கணும்."

"பூஜைக்கு முந்தின நாள் எவனாவது வஜ்ஜிரம் காய்ச்சுவானா? உன் புருஷனைச் சொல்லு முதல்ல!"

"தீபாவளிக்குள்ள வேணும்னு ஒத்துக்கிட்டது யாருண்ணே?" என்று சதாசிவமும் குரலை உயர்த்தினான்.

அவள் பயந்த சண்டை, பதினெட்டு நாள் தள்ளிப் போட்ட சண்டை, வட்டியோடு வந்து நின்றது. அதை நிறுத்தியவன் தங்கராஜுதான். அவன் கத்தவில்லை. பஸ்ஸின் படிக்கட்டில் உட்கார்ந்து கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பத்து நாளா என் பொண்டாட்டி அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் வரா," என்றான்.

அன்று மாலையே அண்ணனும் தம்பியும் கூரைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திப் பின்பக்கத்தைப் பிரித்தார்கள். வலது காலின் திருகாணிகளைக் கழற்றியதும் அது இரண்டு பலகைகளாக அவர்கள் கையிலேயே பிரிந்தது. இடது காலைப் பிரிக்கச் சுத்தியல் தேவைப்பட்டது. அது இன்னும் கொஞ்ச காலம் நின்றிருக்கும். எவ்வளவு காலம் என்று சதாசிவம் சொல்லவில்லை.

அந்த வருஷம் தீபாவளியன்று பட்டறையில் வஜ்ஜிரம் காய்ந்துகொண்டிருந்தது. அர்ச்சுனன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து கிளாம்புகளை ஒரு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். யாருக்கும் புதுத்துணி இல்லை. உலு திராம் ஆட்கள் வேறொருவரின் லாரியில் போய் வந்தார்கள். தீபாவளி கழிந்த ஆறாம் நாள் தங்கராஜு வந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கோணூசியை எடுத்து, புதுச் சாயம் பூசிய இரண்டு கால்களிலும் மேலிருந்து கீழாக நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தான். உள்ளே போகவில்லை. பிறகு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் வாசலைக் கடக்கும்போது ஹார்ன் அடிப்பதில்லை.

விஷயம் சாலை முழுக்கப் பரவியது. ஒன்றரை வருஷம் பட்டறைக்கு ஒரு பஸ்ஸும் வரவில்லை. சதாசிவம் சிங்கப்பூரில் ஒரு சீனர் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்தான். அவன் புஷ்பவள்ளியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அண்ணன் திட்டியதையும் தடுக்கவில்லை. முதல் சனிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, "என்கிட்ட மட்டுமாவது தனியாச் சொல்லியிருக்கலாம்," என்றான். அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றாள். சொல்லியிருக்கலாம்தான். சொல்லாமல் இருந்தது அண்ணன் தம்பி பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்றால், அந்தப் பிரிவும் நடந்தாயிற்று.

அவனிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. எதையும் இரண்டு தரம் கேட்பான். "புள்ளைக்கு மருந்து குடுத்தியா?" "குடுத்தேன்." "எப்ப?" "பத்து மணிக்கு." "பத்துக்கா?" "பத்துக்கு." அவள் சலித்துக்கொண்டதில்லை. கேட்கும் ஒவ்வொரு தரமும் மணியைச் சொன்னாள்.

1935இல் ரப்பர் விலை மெல்ல ஏறி, பஸ்கள் மறுபடி வரத் தொடங்கின. முதலில் வந்தது ஒரு பழைய வண்டியின் பழுது வேலை. அர்ச்சுனனால் ஒற்றையாகச் சமாளிக்க முடியாமல் தம்பிக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்தான். சமாதானம் என்று எதுவும் பேசவில்லை. ரம்பத்தின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையைத் தம்பி பிடித்தான். வஜ்ஜிரம் வைத்த ஒவ்வொரு மரத்திலும் நாளையும் நேரத்தையும் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும் என்றார் அர்ச்சுனன். யார் எழுதுவது என்று சொல்லாமல் சுண்ணக்கட்டியைப் புஷ்பவள்ளி இருந்த பக்கமாக வைத்துவிட்டுப் போனார்.

அவள் எழுதினாள். ஒட்டும் நேரம் ஒரு வரி, கழற்றும் நேரம் ஒரு வரி, சிறிய, நேரான எழுத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவள்தான் எழுதினாள். அவள் எழுதிவிட்டு நகர்ந்ததும் சதாசிவம் வருவான். எழுத்தைப் படிப்பான். பிறகு குனிந்து, ஓரத்தில் பிதுங்கிய வஜ்ஜிரத்தை நகத்தால் அழுத்திப் பார்ப்பான். அவள் அதைப் பார்க்காததுபோல ரெக்சினை இழுத்துப் பிடித்து, அடுத்த ஆணியை வாயிலிருந்து எடுப்பாள்.